தாடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பிறந்தபோதே ட்ரீச்சர் கொலின்ஸ் நோய் என்று சொல்லிவிட்டார்கள். கன்ன எலும்பு சரியாக வளரவில்லை, கீழ் இமைகள் சரிந்திருக்கும், காதுகள் மிகச் சிறியவை, கீழ்த்தாடை உள்ளே போயிருக்கும். தலைப்பட்டியில் பொருத்திய கருவியால்தான் கேட்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி; சாதாரண தரப் பரீட்சை வருகிறது. பற்களைப் பார்த்த வைத்தியர் தாடைச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார். உறவினர்களோ, பரீட்சைக்கு முன்பே சென்னைக்குக் கொண்டுபோய் முடித்துவிடுங்கள், வளர்ந்த பிள்ளை, நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும் என்கிறார்கள். செய்தால் முகம் மற்றப் பிள்ளைகளுடையதைப் போல ஆகிவிடுமா? நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். இளைய மகனுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு இது வருமா? இரவில் குறட்டை விடுகிறாள், காலையில் தலையிடி என்கிறாள். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்:

அன்புள்ள தாயாருக்கு,

நீங்கள் கடைசி வரியில் எழுதியதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகளைப் பொறுத்தவரை குறட்டையும் காலைத் தலையிடியும் சிறிய விடயங்கள் அல்ல. நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முக்கியமான தசை, கீழ்த்தாடையின் முன்பகுதியில், நாடிக்கு உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. தாடை குட்டையாக இருந்தால் நாக்கும் அதனோடு சேர்ந்து பின்னாலேயே நின்றுவிடும். விழித்திருக்கும்போது தசைகள் இறுகி நிற்பதால் மூச்சு தடையின்றிப் போய்வருகிறது. ஆழ்ந்த நித்திரையில் அந்த இறுக்கம் தளர்ந்தவுடன் நாக்கு தொண்டையின் பின்சுவரோடு போய்ச் சேர்ந்து காற்றின் வழியை அடைக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது, பிள்ளை புரண்டு படுக்கிறாள், மறுபடியும் அதே கதை. இப்படி இரவு முழுவதும் நடந்தால் காலையில் தலையிடியும், வகுப்பில் தூக்கமும், மறதியும், எரிச்சலும் வரும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இதயமும் கெடும். ட்ரீச்சர் கொலின்ஸ் உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தடை இருக்கிறது. இரவில் கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கும் ஒரு பிள்ளைக்குத் தன் குறட்டை தனக்கே தெரியவராது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, சத்திரசிகிச்சைக்கு நாள் பார்ப்பதற்கு முன்னர் ஒரு நித்திரை ஆய்வு செய்யப்பட வேண்டும். உடலில் சில உணர்கருவிகளை ஒட்டி, ஓர் இரவு முழுவதும் மூச்சையும் ஒட்சிசன் அளவையும் இதயத் துடிப்பையும் பதிவுசெய்யும் பரிசோதனை அது. வலி இல்லை. மூச்சு நின்றுபோகும் அல்லது குறைந்துபோகும் தடவைகள் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை என்று அதில் எண்ணுவார்கள். வளர்ந்தவர்களில் 5 இற்குக் குறைவாக இருந்தால் வழமை, 30 இற்கு மேல் போனால் கடுமையானது, சிறுவர்களுக்கு அளவுகோல் இன்னும் இறுக்கமானது. காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டி இந்தப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். அதற்கிடையில், அவளிடம் சொல்லிவிட்டு, அவள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் கைத்தொலைபேசியில் பத்து நிமிடங்கள் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். நெஞ்சு ஏறி இறங்கும்போதே மூச்சுச் சத்தம் நின்று, பிறகு ஒரு திணறலோடு திரும்பவும் தொடங்கினால், அந்தப் பத்து நிமிடம் வைத்தியருக்கு நிறையச் சொல்லும்.

ஆய்வின் முடிவைப் பொறுத்து இந்தச் சத்திரசிகிச்சையின் தன்மையே மாறும் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். தடை கடுமையாக இருந்தால், தாடையை முன்னே கொண்டுவருவது மூச்சுக்கான சிகிச்சையாகிவிடும். அதைக் கலியாணப் பேச்சுக்காகச் செய்யலாமா என்ற கேள்வியே எழாது. சத்திரசிகிச்சை நடக்கும் வரை இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் இயந்திரத்தையும் பயன்படுத்த வேண்டி வரலாம். கன்ன எலும்பு குறைவாக உள்ள முகத்தில் அந்த முகமூடி எளிதில் பொருந்தி நிற்காது. ஒன்று சரிவரவில்லை என்று விட்டுவிடாமல் வேறு வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, கிரகணம். ஒரு குழந்தையின் முகம் கருவின் நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் உருவாகிறது. தாடைகளையும் கன்ன எலும்புகளையும் காதுகளையும் உண்டாக்க வேண்டிய கலங்கள் அந்த நாட்களில் போதிய எண்ணிக்கையில் பெருகாததே இந்த நோய். அதற்குக் காரணம், பெரும்பாலானவர்களில், ஐந்தாம் இலக்க நிறமூர்த்தத்தில் இருக்கும் டி.சி.ஓ.எஃப்.1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். சிலரில் வேறு சில மரபணுக்களில் அது இருக்கும். 1900 ஆம் ஆண்டில் லண்டன் கண் வைத்தியர் எட்வர்ட் ட்ரீச்சர் கொலின்ஸ் விவரித்ததால் அவருடைய பெயர் இதற்கு வந்தது. ஏறக்குறைய 50,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. கிரகணம் தெரிந்த நாட்டிலும் தெரியாத நாட்டிலும் ஒரே மாதிரியாகத்தான். நீங்கள் வெளியே போனது, சாப்பிட்டது, வெட்டியது, தைத்தது எதற்கும் இதில் பங்கில்லை. பதினாறு வருடங்களாக உங்கள் மேல் சுமத்தப்பட்டிருக்கும் இந்தப் பழியை இறக்கி வைக்க வேண்டியது வைத்தியர்களாகிய எங்களுடைய கடமையும்தான். அடுத்த கிளினிக்குக்கு மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரின் வாயால் அவர் நேரிலேயே கேட்கட்டும்.

மகளின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 60 சதவீதமானவர்களுக்கு மரபணு மாற்றம் புதிதாக அவர்களிலேயே தோன்றியிருக்கும். தாய்க்கும் தகப்பனுக்கும் அது இராது. ஆனால், புதிதாகத் தோன்றியதாக இருந்தாலும், டி.சி.ஓ.எஃப்.1 இல் மாற்றம் உள்ள ஒருவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. போய்ச் சேர்ந்தாலும் எவ்வளவு வெளியே தெரியும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையாகவும் இன்னொருவருக்குக் கண்ணுக்கே தெரியாத அளவிலும் இருப்பதுண்டு. இந்தக் காரணத்தால், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து, எங்கள் இருவருக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மகளுக்கு இரத்தப் பரிசோதனையில் எந்த மரபணு என்று உறுதியானால், உங்களிலும் அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. வைத்தியரின் கடிதத்தோடு அங்கே ஆலோசனை கேட்கலாம். மகளுக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதை வைத்து என்ன செய்வது என்பதை அவள் தன்னுடைய வயதில் முடிவுசெய்வாள்.

முகம் மற்றவர்களுடையதைப் போல ஆகுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: ஆகாது. தாடைச் சத்திரசிகிச்சை தாடையை மாற்றும். கீழ்த்தாடையும் நாடியும் முன்னே வரும், பக்கவாட்டுத் தோற்றம் நன்றாகவே மாறும், உதடுகள் சிரமமில்லாமல் மூடும், முன்பற்கள் ஒன்றையொன்று சந்திக்கும், கடிக்கவும் மெல்லவும் எளிதாகும், பெரும்பாலும் மூச்சும் சீராகும். கண்ணிமையின் சரிவு, கன்னத்தின் பள்ளம், காதின் வடிவம் ஆகியவை அப்படியே இருக்கும். அவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சைகள் உண்டு; மண்டையோட்டு எலும்பைக் கொண்டு கன்னத்தைக் கட்டலாம், உடலின் வேறிடத்துக் கொழுப்பை எடுத்துப் பள்ளங்களை நிரப்பலாம், விலா எலும்பின் குருத்தெலும்பால் காதை அமைக்கலாம். எல்லாவற்றையும் செய்து முடித்தாலும் உங்கள் மகள் உங்கள் மகளாகத்தான் இருப்பாள். தெருவில் பார்ப்பவர்கள் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கக்கூடும். இதைத் தெரிந்துகொண்டு சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் அதன் பலனைக் கண்டு மகிழ்கிறார்கள். புதிய முகம் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள், சத்திரசிகிச்சை மிகச் சிறப்பாக அமைந்தாலும் உடைந்துபோகிறார்கள்.

என்ன வகைச் சத்திரசிகிச்சை என்பது தாடை மூட்டைப் பொறுத்தது. காதுக்கு முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் அந்த மூட்டு, இந்த நோயில் சிலருக்குச் சிறியதாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யும்; சிலருக்கு உருக்குலைந்திருக்கும்; சிலருக்கு இல்லவே இல்லை. முப்பரிமாண சி.டி. ஸ்கான் எடுத்து இதை மூன்று தரங்களாகப் பிரிப்பது வழக்கம். மூட்டு வேலை செய்தால், கீழ்த்தாடையை இரு புறமும் நெடுக்காகப் பிளந்து முன்னே நகர்த்தி, டைட்டேனியம் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்தலாம். 1957 இல் ஒப்வேகெசர் என்ற தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் வெளியிட்ட முறையின் திருத்திய வடிவம்தான் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. ட்ரீச்சர் கொலின்ஸ் உள்ளவர்களில் கீழ்த்தாடை பின்னால் இருப்பதோடு செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சரிந்தும் இருப்பதால், அதை மட்டும் முன்னே இழுத்தால் போதாது. மேல்தாடையையும் வெட்டி அதன் பின்பகுதியை இறக்கி, இரண்டு தாடைகளையும் சேர்த்துச் சுழற்ற வேண்டி வரும். மூட்டே இல்லாதவர்களுக்கு முதலில் அதை உருவாக்க வேண்டும். அதற்கு விலா எலும்பையோ செயற்கை மூட்டையோ வைப்பார்கள். காதை அமைக்கவும் விலாப் பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள் என்பதால், இரண்டும் தேவைப்படும் பிள்ளையில் எந்தப் பக்கத்து விலாவை எதற்கு என்று இரு நிபுணர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று நீங்களே கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நகர்த்த வேண்டிய தூரம் மிக அதிகமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. எலும்பை வெட்டி, ஒரு சிறிய கருவியைப் பொருத்தி, சில நாட்கள் பொறுத்து, பிறகு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் திருகி இடைவெளியைக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். ரஷ்ய வைத்தியர் இலிசாரோவ் கால் எலும்பை நீட்டக் கண்ட முறை இது. நியூயோர்க்கில் மக்கார்த்தியும் அவரது குழுவினரும் பிள்ளைகளின் கீழ்த்தாடைக்கு இதைப் பயன்படுத்தி 1992 இல் வெளியிட்டார்கள். மூச்சுவிடத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கு இன்று இதனால் உயிர் கிடைக்கிறது. எலும்போடு தசையும் தோலும் மெல்ல மெல்ல இணங்கி நீள்வது இதன் நன்மை. ஒரே நாளில் தாடையை வெகுதூரம் நகர்த்தும்போது, சிறிய உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்ததைப் போல, சுற்றியுள்ள தசைகள் அதைத் திரும்பவும் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். இந்த நோயில் அந்தப் பின்னடைவு மற்றவர்களைவிட அதிகம். ஒரு சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும் என்று யாராவது உங்களுக்கு உறுதி சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

ஆபத்துகளில் நான் வற்புறுத்திச் சொல்வது இரண்டு. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு வெட்டப்படும் எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் அங்கே மரத்துப்போவது வழமை, பலருக்கு மாதக்கணக்கில் மீளும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடும். மற்றது மயக்க மருந்து. வாய் சிறிதாகவும் தாடை பின்தள்ளியும் இருக்கும் இவர்களுக்குச் சுவாசக் குழாய் செலுத்துவது மயக்க மருந்து நிபுணர்களுக்கே கடினமான வேலை. மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயைச் செலுத்தி, பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கும். சில வேளைகளில் கழுத்தில் தற்காலிகமாகத் துளையிட்டு மூச்சு கொடுப்பதும் நேரும். ஆகவே அதிதீவிர சிகிச்சைப் பிரிவும், இத்தகைய சுவாசவழிகளைக் கையாண்டு பழகிய மயக்க மருந்து நிபுணரும் இல்லாத இடத்தில், அந்த இடம் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்விக்க வேண்டாம்.

பரீட்சைக்கு முன் முடித்துவிடலாம் என்ற யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது. சத்திரசிகிச்சைக்கு முன் 12 முதல் 18 மாதங்கள் வரை பற்களுக்குக் கம்பி போட்டு ஒவ்வொரு தாடையிலும் பற்களை அதனதன் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் கடி முன்னைவிட மோசமாகத் தெரியும், முன்பற்கள் இன்னும் பொருந்தாமல் நிற்கும். பிள்ளை கலங்குவாள், உறவினர்கள் வைத்தியரைக் குறை சொல்வார்கள். தாடை நகரும்போது பொருந்த வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்யப்படுவது அது. வளர்ச்சி நின்றுவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பெண்பிள்ளைகளில் இந்த வயதை ஒட்டி அது நிற்கும் என்றாலும், ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்றேப் படங்களை ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்வோம். நித்திரை ஆய்வில் கடுமையான தடை தெரியவந்தால் இந்தக் கணக்குகள் மாறும். இல்லையென்றால் இப்போது கம்பியைத் தொடங்கிவிட்டு, சாதாரண தரத்தை நிம்மதியாக எழுதவிட்டு, உயர்தரத்தின் முதல் வருட விடுமுறை ஒன்றில் சத்திரசிகிச்சையை வைப்பதே என்னுடைய ஆலோசனை.

சென்னைக்குப் போவது தவறென்று சொல்லமாட்டேன். அங்கே முகச் சீரமைப்பில் மிகுந்த அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சை இந்தச் சிகிச்சையில் ஒரு நாள்தான். அதற்கு முன்னே ஒரு வருடத்துக்கு மேலும் பின்னே பல மாதங்களும், கம்பியை இறுக்க, றப்பர் வளையம் மாற்ற, மூன்றாவது கிழமையில் காயத்தில் சீழ் கண்டால் உடனே காட்ட, கூப்பிடு தூரத்தில் ஒருவர் வேண்டும். வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையில் பல் சீரமைப்புப் பிரிவும் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, காத்திருக்க வேண்டியிருக்கும். முதலில் அங்கே காட்டி, முழுமையான திட்டம் ஒன்றை எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகும் சென்னைக்குத்தான் போவதென்றால், இங்குள்ள பல் சீரமைப்பு நிபுணரும் அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணரும் நேரடியாகத் தொடர்புகொண்ட பின்னரே பயணச்சீட்டை வாங்குங்கள். நகையை அடகு வைத்து அவசரமாகப் போகும்படியான நோய் இது அல்ல.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் கிழமையைப் பற்றி ஒரு முக்கியமான விடயம். இரண்டு தாடைகளையும் றப்பர் வளையங்களால் இணைத்திருப்பதால் அவளால் தெளிவாகப் பேச முடியாது. முகமும் தலையும் வீங்கிக் கட்டுப்போட்டிருப்பதால் கேட்கும் கருவியின் பட்டியை அணிய முடியாமல் போகலாம். தாதிமார் முகக்கவசம் அணிந்திருப்பதால் உதட்டசைவையும் பார்க்க முடியாது. பேசவும் கேட்கவும் இயலாமல் ஒரு பிள்ளை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிப்பதைவிடப் பயங்கரமானது வேறில்லை. எழுதிக் காட்ட ஒரு சிறிய பலகையும், வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, தண்ணீர் வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டைகளும் தயாராக இருக்கட்டும். கருவியை எப்படி அணிவது என்பதைக் செவிப்புலன் பரிசோதகரோடு முன்னரே பேசி ஒத்திகையும் பாருங்கள். சாப்பாடு முதலில் நீராகாரம், பிறகு ஆறு கிழமை வரை மெல்லத் தேவையில்லாதவை: பயற்றங்கஞ்சி, சூப், சொதியில் ஊறவைத்துக் குழைத்த இடியப்பம் போன்றவை. எடை குறையும். இரண்டாம் மூன்றாம் கிழமைகளில், வீக்கத்தோடு கண்ணாடியைப் பார்த்து, ஏன் செய்தேன் என்று அழும் பிள்ளைகள் உண்டு; அது பெரும்பாலும் கடந்துபோகும், ஆனால் அவளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் வைத்தியரும் உறவினரும் மாமியாரும் என்ன சொல்கிறார்கள் என்று இருக்கிறது; மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரியும் இல்லை. 18 வயது வரை ஒப்புதல் படிவத்தில் பெற்றோர்தான் கையொப்பமிட வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், அவள் மனதார ஒத்துக்கொள்ளாத சத்திரசிகிச்சையை நான் செய்யமாட்டேன். கிளினிக்கில் வைத்தியர் உங்களைப் பார்த்துப் பேசினால், தயவுசெய்து அவளைப் பார்த்துப் பேசும்படி கேளுங்கள். முகக்கவசத்தை இறக்கி, நேரே இருந்து, நிதானமாக. சிறிது நேரம் அவளைத் தனியாகவும் பேசவிடுங்கள். இப்போது வேண்டாம், இருபது வயதில் பார்க்கலாம் என்று அவள் சொன்னால், மூச்சு சீராக இருக்கும் பட்சத்தில், தாராளமாகக் காத்திருக்கலாம். எலும்பு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. கலியாணத்துக்காக என்ற காரணத்தை அவள் முன்னால் சொல்லாமலிருப்பது நல்லது. இருக்கிற முகத்தோடு தன்னை யாரும் ஏற்கமாட்டார்கள் என்று சொந்த வீட்டிலேயே சொல்லக் கேட்ட மனக்காயத்துக்கு எங்களிடம் தகடும் இல்லை, திருகாணியும் இல்லை.

இறுதியாக, சத்திரசிகிச்சை எப்போது நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. மகளுக்கு ட்ரீச்சர் கொலின்ஸ் நோய் இருக்கிறது, சுவாசக் குழாய் செலுத்துவது கடினமாக இருக்கும், எலும்பு வழியாகக் கேட்கும் கருவி அணிகிறாள் என்ற மூன்று விடயங்களையும் ஒரு வைத்தியரிடம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி வாங்கி, ஒரு பிரதியை அவளுடைய பணப்பையிலும் ஒன்றைப் பாடசாலையிலும் வையுங்கள். குடல்வால் அழற்சிக்கோ வீதி விபத்துக்கோ திடீரென்று எங்கேயாவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், அங்குள்ளவர்கள் உரிய ஆயத்தத்தோடு தொடங்க அந்தத் துண்டு போதும்.